வீட்டுக்குள் வளரும் கோழிக்குஞ்சு சோர்ந்து நின்றால்: முதலில் பெட்டி, அப்புறம் மருந்து

பத்து இருபது குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, தோட்டத்துச் சாளையிலோ வீட்டு மூலையிலோ வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சந்தையில் வாங்கிய கலர் குஞ்சோ, இன்குபேட்டரில் பொரித்த சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழிக் குஞ்சோ, முதல் மாதத்தில் எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். அடைக்கோழி கூட இருந்தால் சூடு, தீனி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் பொழுது சாய கொடாப்புக் கூடையைக் கவிழ்த்து மூடினால் போதும். தாய் இல்லாத குஞ்சுக்கு அந்த வேலை முழுக்க நம் தலையில் விழுகிறது. அதில் எங்கே தப்பினாலும் குஞ்சு சீக்கு வந்த மாதிரியேதான் நிற்கும்: இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு.

அதனால்தான் மருந்துக்கடைக்கு வண்டியை எடுக்கும் முன்னால் பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள் என்கிறேன். முதல் பத்து நாள் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சூடு, தண்ணீர், பெட்டியில் விரிக்கும் படுக்கை இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. மூன்று வாரம் தாண்டினால் கதை வேறு, அங்கே கிருமி முந்திக்கொள்ளும், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பெட்டியே காலியாகும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை, சோர்ந்த குஞ்சைத் தனிப் பெட்டிக்கு மாற்றி அதற்கும் சூடு கொடுப்பது. சூடு ஏறாத குஞ்சு எந்த மருந்தையும் தாங்காது. அலகின் நுனியைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடுத்தால் தானாகக் குடிக்கும். சொட்டு மருந்து ஊற்றும் பில்லரில் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தீனி, தண்ணீர் வைக்கும்போது நல்ல குஞ்சுகளை முதலில் முடித்துவிட்டு சீக்குக் குஞ்சைக் கடைசியாகத் தொடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுகிற வீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

பல்புக்கு அடியில் குவிந்துகொண்டு விடாமல் கத்துகின்றன

குளிர்தான், வேறொன்றும் தேட வேண்டாம். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அதற்கப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினால் அறையின் சூடுதான் தெரியும், பல்பின் ஓரத்தில் படுக்கைக்கு இரண்டு விரல் மேலே வைத்துப் பாருங்கள்.

இப்போது நிறைய வீடுகளில் நடப்பது என்னவென்றால், பழைய குண்டு பல்பு கடையில் கிடைக்கவில்லை என்று 9 வாட் எல்.இ.டி.யை மாட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் ஜோராக இருக்கும், சூடு துளியும் வராது. குண்டு பல்போ, கோழிக்கென்றே விற்கும் சூட்டு பல்போதான் வேண்டும். குஞ்சுக்கு ஒன்றிரண்டு வாட் என்று கணக்குப் போட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, குஞ்சுகள் படுக்கிற விதத்தைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். கரண்ட் போகிற ராத்திரிக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் சமாளிக்கலாம்.

எல்லாம் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு எதிர்மூலை காலியாகக் கிடந்தால் சூடு போதும், காற்றுதான் அடிக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை, கதவுக்கு அடியில் இருக்கும் சந்து போதும் அதற்கு. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பலகை மேல் வையுங்கள், காற்று வரும் பக்கம் சாக்கை மறைப்பாகக் கட்டுங்கள். ஆனால் நாலு பக்கத்தையும் மேல்பக்கத்தையும் சேர்த்து மூடிவிடக் கூடாது.

மார்கழிக் குளிருக்குச் சட்டியில் அடுப்புக்கரி போட்டுக் குஞ்சு அறையில் வைக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மூடின அறையில் அதைச் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது. விடிந்து பார்த்தால் மொத்தமும் செத்துக் கிடக்கும். அதே அறையில் படுத்த மனிதர்களுக்கும் அதே ஆபத்துதான்.

ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

இது சூடு அதிகம். சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் மத்தியானம் 38, 40 டிகிரி போகும், தகர ஷீட் போட்ட அறை என்றால் இன்னும் மேலே. அந்த நேரத்தில் பிறந்த அன்றைய குஞ்சுக்குக்கூட பகலில் பல்பு வேண்டாம், ராத்திரி மட்டும் போட்டால் சரி. 'குஞ்சுக்கு எப்பவும் பல்பு எரியணும்' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு வெயில் காலத்தில் வேகவைத்துவிடுகிறார்கள். தண்ணீரைப் பல்பை விட்டுத் தள்ளி நிழலில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரைக் குஞ்சு சீந்தாது.

துவண்டு போனதற்கு மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொன்னதைப்போல் இரு மடங்கு தண்ணீரில் கலந்து ஒரு நாள் மட்டும் கொடுக்கலாம், குஞ்சுக்கு உப்பு அதிகம் ஆகாது. தூரத்திலிருந்து வந்து இறங்கிய குஞ்சுக்கு நாட்டுச்சர்க்கரை கலந்த தண்ணீர் முதல் சில மணி நேரத்துக்கு நல்லது. வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால்தான் குஞ்சைப் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் அனுப்ப முடிகிறது. அது தீர்ந்த பிறகும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியாத குஞ்சு, நிறைந்த தட்டுக்குப் பக்கத்திலேயே சாகும். வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து அலகை நனைத்து விடுங்கள்.

பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறது

முதல் வாரத்தில் அடிக்கடி வருவது. குளிர், சூடு, தண்ணீர்க் குறைவு, பிரயாண அலுப்பு, எது வந்தாலும் எச்சம் பசையாகி ஆசனவாயை மூடிக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் குஞ்சு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்த இடத்தில் வைத்து ஊற விடுங்கள், தானாகக் கழன்று வரும்வரை பொறுமை வேண்டும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்து ரத்தம் கசியும், மற்ற குஞ்சுகள் அதையே கொத்தும். துடைத்து, ஈரம் போக பல்புக்கடியில் காயவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒரு எச்சரிக்கை, வயிற்றுப் பக்கம் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருப்பது தொப்புள் பொருக்கு, அதை எச்சம் என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது.

ஒன்றிரண்டுக்கு மட்டும் ஒட்டினால் சூட்டைச் சரிசெய்து விட்டுவிடலாம். வரிசையாகப் பலதுக்கும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டி, கூடவே சாவும் விழுந்தால் அது புல்லோரம் என்ற நோயாக இருக்கலாம், தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வரும் சால்மோனெல்லா வகை. அது டாக்டர் பார்க்க வேண்டியது. பிழைக்கிற குஞ்சும் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும், அதை முட்டைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

வயிறு பெருத்து, மெத்தென்று, நாற்றம் அடிக்கிறது

தொப்புள் வழியாகக் கிருமி ஏறி உள்ளே இருக்கும் மஞ்சள் கரு அழுகிப்போனது. அழுக்கு முட்டையை வைத்தாலோ இன்குபேட்டரைக் கழுவாமல் அடுத்த ஈடு வைத்தாலோ வரும். தொப்புள் லேசாகச் சிவந்திருக்கும்போதே போவிடோன் அயோடின் தொட்டு வைத்தால் சிலது தப்பும், வயிறு நீலம் பாரித்து நாற்றம் வந்தபின் பிழைப்பது அபூர்வம்.

கால் விரிந்துபோய் எழ முடியவில்லை

பெட்டியில் வழுவழுப்பான நியூஸ்பேப்பர் விரித்திருக்கிறீர்களா? அதுதான் காரணம். வழுக்குகிற தரையில் கால் இரண்டு பக்கமும் சறுக்கி மூட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பேப்பரை எடுத்துவிட்டுச் சாக்கோ பழைய டர்க்கி டவலோ விரியுங்கள். காலுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரியை மெல்லிசாகக் கிழித்து, கால்கள் உடம்புக்கு நேர் கீழே நிற்கும் இடைவெளியில் இரண்டையும் இணைத்து எட்டு போலச் சுற்றிவிடுங்கள், இறுக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் நாலைந்து நாளில் நேராகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பலன் குறைவு. கட்டுப்போட்ட குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்துவிடாமல் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள்.

விரல்கள் உள்பக்கமாக முஷ்டி மாதிரி மடங்கியிருந்தால் வேறு விஷயம், பி2 சத்துக் குறைவு. குருணையும் கம்பும் மட்டும் போட்டு வளர்க்கிற வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் கலந்து கொடுத்து, குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றினால் ஆரம்பத்திலேயே என்றால் திரும்பும். நடை தள்ளாடி, அலகு ரப்பர் மாதிரி வளைந்தால் டி3, கால்சியம் சேர்ந்த கோளாறு, வெயிலே படாமல் அறைக்குள் வளர்வதன் விளைவு. காலை வெயிலில் கொஞ்ச நேரம் விடுங்கள், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

இதைச் சொல்லும்போதே தீவனத்தையும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழித் தீவனம் சுலபமாகக் கிடைக்கிறது, பக்கத்துப் பண்ணையில் ஒரு படி கேட்டால்கூடக் கொடுப்பார்கள். குஞ்சுக்கு அதைப் போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காக அதில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்கும், குஞ்சுக்குத் தேவை 1 சதவீதம்தான். சிறுநீரகம் கெட்டு, உள்ளே உறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் உப்புப் படிந்து சாகும், வெளியே பார்த்தால் காரணமே தெரியாது. கடையில் பிரீ ஸ்டார்டர் என்றோ குஞ்சுத் தீவனம் என்றோ கேட்டு வாங்குங்கள்.

எச்சத்தில் ரத்தம்

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை வீட்டுக்குஞ்சுகளை அதிகம் கொல்வது இதுதான், ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி குடலைப் புண்ணாக்குகிறது. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். பல்பு எரியும் பெட்டி, தண்ணீர் சிந்திய உமி, இதைவிட வசதியான இடம் அதற்கு வேறு கிடையாது. மேயப் போகாத குஞ்சுக்கு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். உங்கள் செருப்பில் வந்திருக்கும், பழைய பெட்டியில் இருந்திருக்கும், குஞ்சு வாங்கிய இடத்திலேயே கூட வந்திருக்கும்.

முதலில் பதறாமல் எச்சத்தைப் பாருங்கள். நாளைக்குச் சில தடவை காப்பிக்கொட்டை நிறத்தில் பசையாக, நாற்றத்தோடு ஒரு எச்சம் போடும், அது இயல்பு. குடல் சவ்வு உரிந்து இளஞ்சிவப்பு நூலாக ஒன்றிரண்டு தடவை வந்து, குஞ்சு ஓடியாடித் தின்றுகொண்டிருந்தால் ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம். பச்சை ரத்தமாகவோ தக்காளிச்சாறு மாதிரியோ வந்து, குஞ்சு கூனிக்கொண்டு, கொண்டை வெளுத்து நின்றால் அன்றைக்கே மருந்து வேண்டும், மறுநாள் காலை என்று தள்ள வேண்டாம்.

மருந்து ஆம்ப்ரோலியம், கோழி மருந்துக்கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். 20 சதவீதப் பொடி என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம், மோசமாக இருந்தால் 1.2 கிராம், மூன்றிலிருந்து ஐந்து நாள். அப்புறம் ஓரிரு வாரம் லிட்டருக்கு 0.3 கிராம். பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் ஸ்பூன் கணக்கில் போடாதீர்கள். ஒரு பெட்டியில் ஒன்றுக்கு ரத்தம் வந்தாலும் எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. இந்த நாட்களில் பி காம்ப்ளக்ஸை நிறுத்திவிடுங்கள், பி1 சத்தை ஒட்டுண்ணிக்குக் கிடைக்கவிடாமல் தடுத்துத்தான் ஆம்ப்ரோலியம் வேலை செய்கிறது, நீங்களே பி1 ஊற்றினால் மருந்து வீண். முடிந்தபின் கொடுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பதில் எனக்கு விரோதம் ஏதும் இல்லை, ஆனால் ரத்தம் பார்த்தபிறகு அதை நம்பி இரண்டு நாளை விட்டால் குஞ்சு இருக்காது.

மருந்தைப் போலவே முக்கியம் படுக்கை. உமியையோ கடலைத்தோலையோ தேங்காய் நார்த்தூளையோ ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் மொத்தத்தையும் மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் வைத்தாலே பாதிச் சிந்தல் நிற்கும். டெட்டால், பினாயில் எல்லாம் காக்சிடியா முட்டையை ஒன்றும் செய்யாது, கொதிக்கும் நீரும் நல்ல வெயிலும்தான் செய்யும். அட்டைப்பெட்டியாக இருந்தால் எரித்துவிட்டு வேறு பெட்டி போடுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகல்

நம்மூரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட். தலை தொங்கும், மூச்சு இழுக்கும், பிழைத்ததில் சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. யாராவது ஊசி போட்டுக் குணமாக்கித் தருகிறேன் என்றால் காசுதான் போகும். தடுப்பு மருந்து மட்டுமே வழி: ஏழாவது நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் ஒரு முறை, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் மருந்து இருக்கும், கலக்கி இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதனால் அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிவந்து ஒரே நாளில் போட்டுவிடுவது மலிவு. அரசு கால்நடை மருந்தகத்திலும் கேளுங்கள், பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாமும் போடுவார்கள். வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள், சந்தைக்குப் போய்வந்த உங்கள் கால் போதும் இதைக் கொண்டுவர.

தடுப்பு போட்ட குஞ்சுக்குக் கழுத்து மட்டும் திருகி வானத்தைப் பார்த்தபடி நின்று, கழிச்சலோ மூச்சிழுப்போ இல்லையென்றால் சத்துக்குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. பி1, ஈ சத்து, கொஞ்சம் செலினியம் சேர்ந்த சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் வெள்ளைத் தண்ணீராகக் கழிந்து, நடுங்கி, தன் பின்புறத்தையே கொத்திக்கொண்டால் கும்போரோ என்ற வைரஸ் நோய். இதற்கும் தடுப்புச் சொட்டு உண்டு, பதினாலாம் நாள் வாக்கில்.

தும்மல், கர்கர் சத்தம், கண்ணில் நீர்

குனிந்து உங்கள் முகத்தைப் பெட்டி மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு, படுக்கையை மாற்றி ஜன்னலைத் திறந்தால் பெரும்பாலும் அடங்கும். கொசுவர்த்தி, சாம்பிராணி, சமையல் தாளிப்புப் புகை எல்லாவற்றையும் விட்டுப் பெட்டியைத் தள்ளி வையுங்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல் வெறுமனே காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொல்லும், அடுப்படியில் பெட்டி வைக்கிறவர்கள் கவனிக்க.

காற்றைச் சரிசெய்தும் ராத்திரி அமைதியில் குறட்டை மாதிரிச் சத்தம் கேட்டால், முகம் வீங்கினால், மைகோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் சளி. டாக்டர் எழுதினால் டைலோசின் என்ற மருந்துக்குக் கேட்கும். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போடுவது நம் பக்கத்து வழக்கம், கொஞ்சமாகப் போட்டால் கெடுதல் இல்லை, சளியைக் குணமாக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். சத்தமே இல்லாமல் வாயை அகலத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால், அறையில் சூடும் இல்லையென்றால், பூஞ்சணம் பிடித்த படுக்கையோ தீவனமோதான். மழைக்காலத்தில் நனைந்து காய்ந்த கடலைத்தோலில் இது சகஜம். நுரையீரலில் இறங்கியதை எடுக்க வழியில்லை, மிச்சக் குஞ்சுகளையாவது புதுப் படுக்கைக்கு மாற்றிக் காப்பாற்றலாம்.

மருந்துக்கடைகளில் சளி என்றதும் மனிதர்களுக்கான கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டச் சொல்கிறார்கள். அளவு தெரியாமல் போட்டு இன்றைக்கு வேலை செய்ததாகத் தோன்றும், அடுத்த ஈட்டுக்கு எதுவும் கேட்காது. கோலிஸ்டின் என்ற மருந்தை 2019லேயே கோழிகளுக்குக் கொடுக்கத் தடை செய்துவிட்டார்கள், பழைய பாக்கெட் வீட்டில் கிடந்தால் தொடாதீர்கள்.

ஒன்றை ஒன்று கொத்துகின்றன

நெருக்கம், அதிக வெளிச்சம், அதிகச் சூடு. பெட்டியைப் பெரிதாக்குங்கள், சிவப்பு பல்பு போடுங்கள், ஒரு கட்டுக் கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள், பொழுது போகும். காயம்பட்டதைத் தனியே வைத்து ஆறியபின் சேர்க்கவும்.

முகத்தில், கண்ணோரத்தில் கொப்புளம்

கோழி அம்மை. கொசு பரப்பும். பொருக்கைப் பிய்க்காமல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எண்ணெயில் குழைத்துத் தடவலாம், கண் மூடிப்போன குஞ்சுக்குக் கையால் தீனி ஊட்டினால் பலதும் தேறிவிடும். பெட்டிக்குக் கொசுவலை போடுங்கள்.

காரணம் தெரியாமல் வரிசையாகச் சாகின்றன

இரண்டாவது குஞ்சு செத்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடல், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் திறந்து பார்த்தால் டாக்டருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும், வெளியிலிருந்து ஊகித்து மாற்றி மாற்றி வாங்கும் மருந்தைவிட அது மலிவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழி நோய் ஆய்வுக்கூடமே இருக்கிறது. தூரம் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், அதுவும் முடியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்குக் கூப்பிட்டு வழி கேளுங்கள். செத்த குஞ்சை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் மேல் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள், பிரீசரில் வைத்தால் உறுப்புகள் சிதைந்து ஒன்றும் தெரியாது. சாகக் கிடக்கும் குஞ்சு ஒன்றும் கூட இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை நாள் குஞ்சு, என்ன தீவனம், என்ன மருந்து, எந்தத் தடுப்பு எந்தத் தேதியில், தண்ணீர் ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா, இதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம், உப்பு ஏறிய போர் தண்ணீரால் மட்டுமே நிற்காத கழிச்சல் வருவதுண்டு.

ஊரில் பெரிய கோழிகளும் காக்கைகளும் சேர்ந்து சாகின்றன என்றால் எதையும் அறுக்காமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடைத்துறைக்கு உடனே சொல்லிவிடுங்கள், பறவைக்காய்ச்சலா இல்லையா என்பதை அவர்கள்தான் பார்க்க வேண்டும். மற்றபடி செத்த குஞ்சுகளை ஆழக் குழி எடுத்துச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள், கிணற்றடியில் வேண்டாம், நாய் தோண்டுகிற இடத்திலும் வேண்டாம்.